பரணில் கிடக்கும் பாட்டுப் பெட்டி

பாட்டு வைத்தால் "ஙொய்" என்ற இரைச்சல்தான் முதலில் வருகிறது. மிருதங்கம், தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கிறது. "பழசு, இனி உதவாது" என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரின் கதை பல வீடுகளில் இதுதான்.

உண்மையில் ஸ்பீக்கர் கெட்டிருக்காது. உள்ளே கெபாசிட்டர் காய்ந்திருக்கும்!

கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு உருளை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறி மாறி ஓடுவது. அதை ஒரே திசையில் ஓடச் செய்யும்போது 100 துடிப்புகள் உண்டாகின்றன. அந்தத் துடிப்பை அடக்குவது கெபாசிட்டர். அதிலுள்ள திரவம் வற்றினால் துடிப்பு பாட்டோடு கலந்துவிடுகிறது. அதுவே இரைச்சல்.

மிருதங்கம் மெலிவதற்குக் காரணம் வேறு, சிக்கனம்! சில பெட்டிகளில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 220 மைக்ரோ பாரட் கெபாசிட்டர்தான் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரானால், சுமார் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்துவிடும். 1000 மைக்ரோ பாரட் போட்டால் 40 வரை வழி திறக்கும். அதற்காகச் சின்னப் பெட்டியில் கல்யாண மேளத்தை எதிர்பார்க்கக் கூடாது.

புதிய கெபாசிட்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழையதன் வோல்ட் அளவுக்குக் குறையக் கூடாது. கழித்தல் குறி இடம் மாறினால் வெடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கலாம். பழகாதவர்கள் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரக்கிறதா? அது வெறும் தூசி. கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, குமிழைப் பத்துமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.