எந்த கிட்டார் வாங்கலாம்? பிராண்டுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

முகப்பேரிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர், முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபைத் திறந்தால் ஏகப்பட்ட மாடல்கள். ‘அவர் வெச்சிருக்கிற அதே கிட்டாரை வாங்கினா அதே சவுண்டு வருமா?’

வராது. ஒலியில் பெரிய பங்கு விரலுக்குத்தான். கருவி செய்ய வேண்டியது, அந்த விரலுக்கு வழிவிடுவது.

கருவியையே மாற்றியவர்கள்

வழக்கமான மாண்டலினில் ஜோடி ஜோடியாக 8 தந்திகள் இருக்கும். ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பது கஷ்டம். ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். யு.ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். ஒற்றைத் தந்திகளாக 5 மட்டும் வைத்துக்கொண்டார். கர்னாடக இசை அதில் பேசியது.

1970-களில் எல்.ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய பலகையைப் பயன்படுத்தினார். விரல் மரத்தில் உரசாததால் தந்தியை வளைப்பது எளிது. வீணையில் மெட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளமும் இதற்கு உதவுவதுதான்.

விஸ்வ மோகன் பட் கிட்டாரில் கூடுதல் தந்திகள் சேர்த்து ‘மோகன வீணை’ ஆக்கினார். அதை வாசித்து 1994-ல் கிராமி விருதும் வென்றார்.

மூவருமே இசைக்கு என்ன தேவை என்று பார்த்து, அதற்கேற்பக் கருவியை மாற்றியவர்கள்.

அப்போ நாம எதைப் பார்க்கணும்?

* பாடிக்கொண்டே கார்ட்ஸ் வாசிக்க: ஸ்டீல் தந்தி அகூஸ்டிக்.
* விரலால் மீட்டும் கிளாசிக்கல் பாணிக்கு: நைலான் தந்தி.
* கமகம், ப்ளூஸ் போலத் தந்தியை இழுத்து வாசிக்க: எலக்ட்ரிக், மெல்லிய தந்தி.

தந்தியின் நீளமும் முக்கியம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 25.5 அங்குலம், கிப்சன் லெஸ் பாலில் சுமார் 24.75. தந்தியும் சுருதியும் ஒன்றாக இருந்தால், நீளம் குறைந்ததில் இறுக்கம் குறையும். இழுக்க லேசாக இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி வாசிப்பவருக்கு ஹெட்போன் மாட்டிய எலக்ட்ரிக் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் கெடாது.

சென்னை ஈரப்பதம்

முழு மர அகூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. சென்னைக் காற்றில் அது பெரும்பாலும் இதைவிட அதிகம். மரம் உப்பினால் தந்தி உயர்ந்து, அழுத்தும்போது விரல் வலிக்கும். அதனால் ‘கிட்டார் சரியில்லை’ என்று மாற்றுவதற்கு முன், ‘செட்டப்’ செய்து பாருங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள்.

கடையில் ஒரே மெட்டை மூன்று கிட்டாரில் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரை அழைத்துப் போங்கள். விலைச்சீட்டைக் கடைசியில் பார்க்கலாம். எதைக் கீழே வைக்க மனசு வரலையோ, உங்கள் தேடலை அதிலிருந்து தொடங்குங்கள்.