கேட்பாரற்ற துயர்

பாலவனத்தம் முதலிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அத்துயரை அவ்வீட்டார் மட்டும் சுமப்பதில்லை. பெண்கள் கூடி அமர்ந்து ஒப்பாரி வைப்பர். அடக்கம் முடிந்த பின்னரும் துக்கம் கேட்க உறவினர் வந்தவண்ணம் இருப்பர். ஆனால், இறந்தவரை மருத்துவமனையில் இறுதிவரை பேணிய செவிலியரிடம் துக்கம் கேட்க எவரும் செல்வதில்லை.

அவரோ இறந்தவர் உடலிலிருந்து குழாய்களை அகற்றி, துடைத்துத் தூய்மை செய்து, பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, உறவினரிடம் ஒப்படைக்கிறார். அதற்குள் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிடுகிறது. பல நாள் தம் கையால் உணவூட்டிய ஒருவருக்காக அவர் கண்கலங்கினால், ‘இன்னுமா இது பழகவில்லை?’ என்னும் கேள்வியே எழுகிறது. இவ்வாறு பிறர் துயரென்றே ஏற்காத துயரை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். வெளிப்பட இடமில்லாத துயர் உறக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் மாறக்கூடும். ‘இன்னும் விரைந்து செயற்பட்டிருக்கலாமோ?’ என்னும் குற்றவுணர்வும் உடன் சேரும். சிலர் நோயாளரிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வர். அதனை அன்பின்மை எனக் கருதுவது தவறு.

செவிலி என்னும் சொல் பழந்தமிழ் அக இலக்கியத்தில் வளர்ப்புத்தாயைக் குறிக்கும். தலைவி உடன்போக்கில் சென்றபோது பெற்ற நற்றாயைப் போலவே செவிலியும் வருந்துகிறாள். கலித்தொகையில் அவள் பாலைவழியே தேடிச்சென்று, எதிர்ப்பட்ட முக்கோற்பகவரை வினவுகிறாள். அது பிரிவுத்துயர், இறப்புத்துயர் அன்று. எனினும், பெறாதவளுக்கும் வருந்தும் உரிமை உண்டு என்பதை அம்மரபு ஐயமின்றி ஏற்றிருந்தது. அப்பெயரைத் தாங்கிய இன்றைய பணிக்கு அவ்வுரிமை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய ஜோனதன் பார்ட்டல்ஸ் எளிய வழக்கம் ஒன்றைத் தொடங்கினார். உயிர் பிரிந்ததும் மருத்துவரும் செவிலியரும் உடனே கலையாமல் சிறிது நேரம் அமைதியாக நிற்பர். இறந்தவர் யாருக்கோ அன்புக்குரியவராக வாழ்ந்தவர் என்பதையும், அவரைக் காக்கத் தாம் முயன்றதையும் நினைப்பர். எச்சமயத்தையும் சாராத இவ்வழக்கம் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது.

கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் ஒரு நிமிடமும் அரிதுதான். ஆயினும், பணி மாறும்போது நோயாளர் நிலையைச் செவிலியர் ஒருவருக்கொருவர் சொல்லி ஒப்படைக்கின்றனர். அன்று இறந்தவரின் பெயரையும் அங்கே ஒருமுறை சொல்லலாம். முதன்முதலாக இறப்பைக் கண்ட இளையவரை மூத்த செவிலியர் தனியே அழைத்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்டு, அவர் பேசும்வரை அருகில் அமர்ந்திருக்கலாம்.