நெட் வரவில்லையா? முதலில் மடையைப் பாருங்கள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. அந்த வாரம் பாபநாசம் வட்டார இ-சேவை, பொது சேவை மையங்களில் கூட்டம் நெரியும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். சிட்டாவும் அடங்கலும் கையில் தயாராக இருக்கும். லேப்டாப்போ ‘இணைய இணைப்பு இல்லை’ என்று கைவிரிக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் ஆன்லைன் பதிவு வந்துவிட்டதால், நெட் போனால் டெல்டாவில் விவசாய வேலையும் நிற்கிறது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ ஓடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் யாரும் நேரே மேட்டூருக்குப் போவதில்லை. மடை, வாய்க்கால், குடமுருட்டி, கல்லணை என்று கிட்டத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டு போவார்கள். நெட்டுக்கும் அதே வரிசைதான்.

எல்லாருக்குமா, லேப்டாப்புக்கு மட்டுமா?

அதே வைஃபையில் செல்போனை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப் மேல் பழியில்லை. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரூட்டர் அணைந்துவிடும். இதைக் கவனிக்காமல் லேப்டாப்போடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபி கேபிளை அறுத்திருக்கலாம். ஆபரேட்டருக்குப் போன் போடுவதுதான் வழி.

பீரோவிலிருந்து எடுத்த லேப்டாப்

போனில் நெட் வந்து லேப்டாப்பில் வரவில்லையா? ஏரோப்ளேன் மோடு தவறுதலாக விழுந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து, வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்கி, பாஸ்வேர்டை மறுபடி போடுங்கள்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அப்படி வந்த பழைய லேப்டாப்பை நாள் கழித்து எடுத்தால் இரண்டு சிக்கல்கள் வரலாம். ஒன்று, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பல வருஷம் பின்னே போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால், ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று தளங்கள் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தினாலே போதும். இன்னொன்று, பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே எட்டும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் அதன் பெயரே பட்டியலில் வராது.

கறுப்புத் திரை சொல்லும் சேதி

இன்னும் வரவில்லை என்றால் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் உங்களுக்கு முகவரி கொடுக்கவில்லை. ரூட்டரை அரை நிமிடம் அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் ‘பிங்’ அனுப்புங்கள். பதில் வந்தும் தளம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அமைப்பில் டிஎன்எஸ் எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

சில நாள் கோளாறு நம் பக்கமே இருக்காது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களையே யாராலும் எட்ட முடியவில்லை. போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருந்திருக்காது. ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் வேறு தளம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அமைப்பில் கைவையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குப் போக நேர்ந்து, அங்கே ‘ஃபார்மட் போடணும்’ என்று சொன்னால், உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் நெட் வந்தால் ஃபார்மட்டுக்கு வேலையே இல்லை. காசு கொடுக்காமல் எடுத்து வந்துவிடுங்கள்.