பொரியலின் நஞ்சும் தயிர்ச்சட்டியின் பற்றீரியாவும்

மாப்பொருள் மிகுந்த உணவை 120 பாகை செல்சியசுக்கு மேல் பொரித்தாலோ வறுத்தாலோ, அதிலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் குளுக்கோஸ் போன்ற சீனிகளுடன் சேர்ந்து அக்ரிலமைட் ஆகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருளாக 1994இலேயே வகைப்படுத்தப்பட்ட இது, உணவிலும் இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தணலில் கருகும் மீனிலும் இறைச்சியிலும் உருவாகுபவை வேறு. அவை பல்லினவளைய அமைன்கள். சுட்ட மீனின் கருகலில் மரபணுவைத் தாக்கும் பொருள்கள் இருப்பதை 1970களில் யப்பானில் தகாஷி சுகிமுராவின் குழு காட்டியது.

வன்னிச் சமையலில் இரண்டுக்கும் இடமுண்டு: உழுந்து வடை, முறுக்கு, கிழங்குப் பொரியல், கருக வறுத்த அரிசிமா, முல்லைத்தீவுக் கரையின் சுட்ட மீன். அதே வீடுகளில் எருமைத் தயிரும் மோரும் உண்டு.

தயிரைப் புளிக்கவைக்கும் லக்டிக் அமிலப் பற்றீரியாக்களின் கலச்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கன் இந்த நச்சுப் பொருள்களைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. பற்றீரியா இறந்தாலும் சுவர் இந்த வேலையைச் செய்யும். ஒட்டிய பொருளில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறும் என்பதே எதிர்பார்ப்பு. எல்லா அமைன்களும் ஒரே அளவில் ஒட்டுவதில்லை. பற்றீரியாவின் இனத்துக்கு இனம் ஒட்டவைக்கும் திறனும் மாறும். 1990களின் தொடக்கத்தில், பொரித்த இறைச்சி உண்ட சிலருக்கு லக்டோபசிலஸ் அசிடோபிலஸ் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், சிறுநீரில் வெளியேறிய மரபணுத் தாக்கிகள் குறைந்தன. ஆயினும் சான்றுகளில் பெரும்பகுதி சோதனைக்குழாயிலிருந்து வந்தது. புற்றுநோயைத் தயிர் தடுக்கும் என்று சொல்ல இது போதாது.

அடுப்பில் ஏற்றுமுன் புளிக்கவைப்பதன் பயன் இதைவிடத் தெளிவானது. பாண்மாவை நீண்டநேரம் புளிக்கவிட்டால் மதுவம் அஸ்பரஜினை உண்டுவிடுகிறது, அக்ரிலமைட் குறைகிறது. லக்டிக் அமிலப் பற்றீரியாவில் ஊறிய கிழங்குத் துண்டுகளைப் பொரித்தபோதும் அது குறைந்தது. பற்றீரியா சீனியைத் தின்கிறது, அது விடும் அமிலமோ தாக்கத்தையே மந்தப்படுத்துகிறது. கள்ளு விட்டுப் புளித்த அப்பமாவிலும் மதுவம் உண்டு. ஆவியில் அவியும் இடியப்பம் 100 பாகையைத் தாண்டாததால், மாவைக் கருக வறுத்திராவிட்டால், இந்தக் கவலையே எழாது.

ஆகவே வடையையும் கிழங்கையும் பொன்னிறத்திலேயே இறக்குவதும் மீனின் கருகிய தோலை நீக்குவதும் முதல் வேலை. தயிர் அதற்குத் துணை மட்டுமே. வன்னி வீட்டுத் தயிரில் எந்த இனங்கள் வாழ்கின்றன, அவை எவ்வளவு ஒட்டவைக்கும் என்பதை அளந்து பார்ப்பது கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீட மாணவருக்கு ஏற்ற ஆய்வு. யாரேனும் அதைக் கையில் எடுக்கவேண்டும்.