வனத்தின் நிறையை வானிலிருந்து அறிதல்

பல்லேகலவில் நின்று வடகிழக்கே நோக்குவோர் முகில் சூழ்ந்த தும்பறை மலைத்தொடரைக் காண்பர். மடித்த கையின் விரற்கணுக்களை ஒத்திருத்தலால் ஆங்கிலேயர் அதனை நக்கிள்ஸ் என்று அழைத்தனர். 2000 ஆம் ஆண்டிற் பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டின் வேறு சில வனங்களோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்ற வனம் அது. அவ்வனத்தின் நிறை யாது என்று ஒருவர் வினவினால் நாம் நகைப்போம். ஆயின் விஞ்ஞானிகளும் அரசுகளும் இன்று வினவுவது அதனையே. மரத்தின் உடலில் அடங்கியிருக்கும் காபன், மரம் அழிந்தால் காற்றிற் கலந்து உலகைச் சூடேற்றும். அதனைக் காத்துக் கணக்குக் காட்டும் நாட்டுக்குப் பணம் கிடைக்கவும் வழியுண்டு. காட்டழிவால் வெளியேறும் காபனுக்கான அடிப்படைக் கணக்கொன்றை இலங்கை 2017 இல் ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை அமைப்புக்குச் சமர்ப்பித்துள்ளது. கணக்குப் பிழைத்தால் இல்லாத பொருளுக்கு விலை கூறியவர்களாவோம்.

முதலில் ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதனை வெட்டி, உலர்த்தி, தராசிலிட்டால் நிறை தெரியும். ஆனால் மரம் இராது. ஆகையால், வெப்பவலயத்தின் 58 இடங்களில் முன்னரே வெட்டி நிறுக்கப்பட்ட 4,004 மரங்களின் அளவுகளைத் திரட்டி, ஷாவ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2014 இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். நெஞ்சுமட்டத்தில் மரத்தின் விட்டம், அதன் உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றும் தெரிந்தாற் போதும். விட்டம் 40 சென்ரிமீற்றரும், உயரம் 20 மீற்றரும், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.6 கிராமும் உடைய மரத்துக்கு நாம் கணித்துப் பார்த்தோம். நிலத்துக்கு மேலுள்ள உலர்நிறை ஏறத்தாழ 1,020 கிலோகிராம் ஆயிற்று. அதில் 47 வீதம் காபன் எனக் கொள்வது வழக்கம். அஃது 480 கிலோகிராம். எரிந்து காபனீரொட்சைட்டாக மாறின் 1,750 கிலோகிராமுக்கு மேல்! பாதையோரத்திலே நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மரமொன்றின் கணக்கு இது.

ஆனால் மலை முழுவதிலும் நாடா பிடித்துச் செல்ல எவரால் இயலும்? (நாம் ஒருமுறை முயன்றோம்; அட்டைகள் எம்மை அளந்த அளவுக்கு நாம் மரங்களை அளக்கவில்லை.) ஆகவே வானத்தின் துணை வேண்டியதாயிற்று.

இத்துணை இலங்கைக்குப் புதிதன்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனேடியர் 1956 இல் எடுத்த விமானப் படங்களைக் கொண்டே நாட்டின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 44 வீதம் என்று கணிக்கப்பட்டது. 2010 இல் செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தபோது 29.7 வீதமே இருந்தது. செய்மதி ஞாயிற்றொளியின் தெறிப்பைப் பதிவு செய்கின்றது. பச்சிலை செந்நிற ஒளியை விழுங்கி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புதலால், காடு எது, காடல்லாதது எது என்று பிரித்தறியலாம். ஆயினும் இலைப்பந்தல் ஒருமுறை மூடிவிட்டால், அதன்கீழ் இளமரம் நிற்பினும் நூற்றாண்டு கண்ட மரம் நிற்பினும் பச்சை ஒன்றே. 2030 ஆம் ஆண்டளவில் காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவதாக நம் நாடு வாக்களித்துள்ளது. ஹந்தானைச் சரிவுகளிலே நடப்பட்ட பைன் தோப்பும், தும்பறையின் ஆதிவனமும் பரப்புக் கணக்கில் ஒரே நிரையில் நிற்கக்கூடும். பரப்பு வேறு, நிறை வேறு என்பதை வாக்களிப்போர் மறத்தல் தகாது.

நிறையை நாட, பந்தலுக்குள் நுழையவல்ல கதிர் வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து 2025 யூலை 30 அன்று சிறீஹரிக்கோட்டையிலிருந்து ஏவிய நைசார் செய்மதியின் 24 சென்ரிமீற்றர் றேடார் அலை, முகிலையும் இலையையும் கடந்து கிளைகளிலே பட்டுத் திரும்புகின்றது. முகில் நீங்காத எம் மலைக்கு இஃது அருமையான துணை. எனினும் ஹெக்டேயருக்கு 100 தொன் அளவைத் தாண்டிய அடர்வனத்தில் அவ்வலையும் மயங்கத் தொடங்கும். 2018 திசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கெடி என்னும் கருவியோ லேசர் ஒளியைப் பாய்ச்சுகின்றது. உச்சியிற் பட்ட ஒளிக்கும் தரையிற் பட்ட ஒளிக்கும் இடையிலான கால வேறுபாடே மரத்தின் உயரத்தைத் தரும்.

இங்கேதான் எம் மலைநாடு கருவியைச் சோதிக்கின்றது. அவ்வொளி தரையில் 25 மீற்றர் விட்டமுள்ள வட்டமாக விழும். சமதரையாயின் யாதொரு தொல்லையுமில்லை. 30 பாகைச் சரிவிலோ, வட்டத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே தரையே ஏறத்தாழ 14 மீற்றர் உயர்ந்துவிடும். திரும்பிவரும் ஒளியில் மரம் எவ்வளவு, மலை எவ்வளவு? மலைச்சரிவை முன்னரே அறிந்து கழித்தாலன்றி, குட்டை மரமும் நெடுமரமாய்த் தோன்றும். யாழ்ப்பாணத்து வெளிகளுக்குப் பொருந்தும் கணக்கை அப்படியே தும்பறைக்கு இட்டால் வழு நேரும்.

இன்றைய நிறை கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். நாளைய நிறை யாது? அதற்காகவே சூழற்றொகுதி மாதிரியுருக்கள் ஆக்கப்பட்டன. மூர்க்ரொவ்ற், ஹேர்ற், பக்காலா என்னும் மூவர் 2001 இல் வெளியிட்ட மாதிரியுரு இவற்றுள் ஒன்று. ஒளித்தொகுப்பாற் கிடைப்பது வரவு, சுவாசத்தாற் போவது செலவு, எஞ்சியது வளர்ச்சி. முதுமரம் வீழ்ந்தால் ஒளி கீழிறங்கும். காத்திருந்த கன்று அவ்விடைவெளியில் எழும். லேசர் அளந்த உயரத்தைத் தொடக்கமாகக் கொடுத்தால், அவ்வனம் இனி எவ்வளவு காபனைச் சேர்க்கும் என்று கணினி ஆண்டாண்டாகக் கூறும்.

ஆனால் தும்பறையின் பல பகுதிகளிலே பந்தலைக் காத்துக்கொண்டு அதன் நிழலில் ஏலம் பயிரிட்டனர். ஏலத்துக்கு இடங்கொடுக்கக் கீழ்வளரிகளும் மரக்கன்றுகளும் களையப்பட்டன. மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கு அவ்விடம் நிறைவனம், உயரமும் குறைவில்லை. கன்றுகள் காத்திருக்கின்றன என்றே மாதிரியுருவும் எண்ணிக்கொள்ளும். முதுமரம் வீழும் நாளில் எழுவதற்கு அங்கே கன்று உண்டா என்பதை அறிய, பயிர் கைவிடப்பட்ட அத்தோட்டங்களுள் ஒருவர் குனிந்து புகுந்து, ஏலப் புதர்களை விலக்கி, கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணியே வரல் வேண்டும்.