தில்லியில் முதல் ஜாகை

அக்டோபர் மாதத்தில் தில்லிக்கு வந்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. ராம்லீலாவும் தீபாவளிக் கடைகளுமாக ஊர் கலகலவென்று இருக்கும். அந்த மாதத்தில் பார்க்கிற எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் கரோல் பாகில் ஒரு மாடி அறையைப் பிடித்தேன். வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல். "இடம் அமைதியாக இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று ஊருக்குக் கடிதமும் போட்டாயிற்று. அந்த அறைக்குள் குளிர்காலம் முழுவதும் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது என்பது டிசம்பர் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

படிப்புக்கோ வேலைக்கோ தனியாகத் தலைநகருக்கு வரும் நம்மவர்கள், ஊரில் வீடு பார்க்கிற கண்ணோடு இங்கேயும் வீடு பார்க்கிறார்கள். தில்லி வெளிநாடு இல்லைதான். ஆனால் வீட்டைப் பொறுத்தவரை வேறு தேசம். நம் பக்கம் தெற்கு ஜன்னலைக் காற்றுக்காகக் கேட்போம். இங்கே அதைச் சூரியனுக்காகக் கேட்க வேண்டும். டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் சென்னையில் அடிவானத்துக்கு மேல் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 பாகைதான். அவ்வளவு சாய்ந்து வருவதால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வந்து விழும். ஜூன் மாதத்தில் அதே சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேராகப் போய்விடுவதால் அந்த ஜன்னல் அதிகம் சுடாது. மேற்குச் சுவர்தான் கோடையில் எதிரி. மே மாத மாலையில் கையை வைத்துப் பார்த்தால் தோசைக்கல் நினைவு வரும். மொட்டை மாடியில் ஒற்றை அறையாக இருக்கும் 'பர்சாத்தி'யைத் தனி ஆட்கள் விரும்பி எடுப்பார்கள். வாடகை குறைவு, நிலா வெளிச்சம் இலவசம். ஆனால் கூரை முழுவதும் வெயிலில் காயும் என்பதை மே மாதம் சொல்லிக் கொடுக்கும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கிவிடும். நம் ஊரில் மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதெல்லாம் இருபது டிகிரி சமாசாரம். அந்த முதல் ஜனவரியில் ஓர் இரவு குளிர் தாங்காமல், கீழே காவலுக்கு இருந்தவரிடம் 'அங்கீட்டி'யைக் கேட்டு வாங்கி வந்தேன். நம் கணப்புச் சட்டிதான், கரி போட்டு மூட்டியது. அறைக்குள் வைத்துக்கொண்டு கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டேன். சுகமாக இருந்தது. லேசாகத் தலை வலித்தது. குளிரில் அலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, மூட்டுவலியோடு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "பேட்டா, அங்கீட்டியை வெளியே வைத்துவிட்டாயா?" இல்லை என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் சட்டியைத் தாமே இழுத்து வெளியே வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகுதான் திட்டினார்.

மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்ஸைடை வெளிவிடும். அதற்கு வாசனையும் நிறமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, அதன்பின் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாதவர்கள் பற்றிய செய்தி குளிர்காலந்தோறும் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் வருகிறது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெந்நீர் ஓடவிட்டால், கேஸ் எரிய எரிய உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் குறையும்; விஷவாயு சேரும். குடும்பமாக இருந்தால் "இன்னும் என்ன குளியல்?" என்று கேட்க ஓர் ஆள் உண்டு. தனியாக இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே வீடு பார்க்கும்போதே மின்சார கீசரா, கேஸ் கீசரா என்று பாருங்கள். கேஸ் என்றால் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டித் தந்தால்தான் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். படுக்கைக்குக் கனமான 'ரஜாய்' ஒன்றே போதும். வீட்டுக்குள் கரி மட்டும் வேண்டாம்.

கோடைக்குக் கூலர். வறண்ட அனல் காற்று வீசும் மே, ஜூனில் அது அருமையாக வேலை செய்யும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் அதே கூலர் வெறும் மின்விசிறிதான். தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் காயவிட வேண்டும். 1996-லும் 2015-லும் தில்லியை ஆட்டிவைத்த டெங்குவைப் பரப்பும் கொசுவுக்குக் கூலர் தண்ணீர் பிறந்த வீடு.

இனிக் காகிதங்கள். ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் இது. "வாடகைச் சட்டம் இருக்கிறது, சுலபமாகக் காலி செய்யச் சொல்ல முடியாது" என்று பழைய தில்லிவாசிகள் தைரியம் சொல்வார்கள். 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டபோது, மாதம் ரூ.3,500-க்கு மேல் வாடகை உள்ள வீடுகள் அதன் வரம்புக்கு வெளியே போய்விட்டன. அதற்கு மாற்றாக 1995-இல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. இன்று புதிதாக வருகிறவருக்கு அந்த ரூ.3,500-க்குள் வீடு எங்கே கிடைக்கும்? ஆகவே உங்களுக்குப் பாதுகாப்பு அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, மோட்டார் கெட்டால் யார் செலவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குடிபோகும் அன்றே மின்சார மீட்டரின் எண்ணிக்கையைக் குறித்து இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டு, எனக்கு முன் இருந்தவர் எரித்த விளக்குக்கும் சேர்த்து முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன விலை என்பதையும் கேளுங்கள். மின் நிறுவனத்தின் விலையும் வீட்டுக்காரர் விலையும் ஒன்றாக இருப்பதில்லை.

குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. படமும் அடையாளச் சான்றும் கேட்டால் சங்கடப்பட வேண்டாம். "குடும்பமா, தனியா? சைவமா? இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று துருவுவார்கள், பெண்களிடம் இன்னும் அதிகமாக. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் இப்படிக் கேட்கிறவரைவிட, எதையும் எழுதித் தர மறுக்கிறவரிடம்தான் எனக்குப் பயம்.

தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேஸ் இணைப்பு வரும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அடையாளச் சான்று போதும், முகவரிச் சான்று தேவையில்லை.

எந்தப் பேட்டை என்பதில் என் அபிப்பிராயம், அலுவலகத்துக்கு மெட்ரோ வசதி முதலில், தமிழர் அக்கம்பக்கம் அடுத்தது. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கமும், 1973-இல் குடமுழுக்கு நடந்த மலை மந்திரும் உண்டு. மயூர் விஹார் பக்கமும் நம்மவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தமிழ் பேசிவிட்டு வரலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து யாரும் ஓடி வர முடியாது. ஆகவே குடிபோன வாரத்திலேயே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அரைகுறை இந்தியில் பெயரைச் சொல்லி, கொஞ்சம் முறுக்கைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாற்றுச் சாவி ஒன்றும் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். என்னுடையது காலி செய்கிற வரை அந்த அம்மாளின் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. ஜனவரி இரவுகளில் கீழிருந்து அவர் குரல் மட்டும் வரும்: "பேட்டா, ஜன்னல்!"