நமது மொழியில் நாமே எழுதுவோம்

டெங்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கலாகாது. இணையத்தில் இதை ஆங்கிலத்தில் தேடினால் பக்கம் பக்கமாக விளக்கம் கிடைக்கிறது. தமிழில் அத்தனை இல்லை. நகரத்தில் ஆங்கிலம் கற்றவருக்குக் கிட்டும் அறிவு கிராமத்துத் தாய்க்கு எட்டாவிட்டால், நட்டம் பிள்ளையின் உயிருக்கல்லவா?

அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது, நம் மக்களுக்கு விளங்கும் மொழியில் அறிவூட்டத்தான். இன்று அதற்கு அச்சகம் தேவையில்லை. 2003இல் ஆரம்பமான தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம். ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ திட்டத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

மருதமுனைப் பெண்ணுக்கு நெசவு தெரியும். இன்னொருத்திக்குப் பாய் இழைக்கத் தெரியும். அந்தக் கைப்பக்குவம் தமிழில் பதிவானால் கற்பவர் பெருகுவர். வாங்குபவரும் தேடி வருவர். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் மகள் தட்டச்சுச் செய்யட்டும்.